பதினான்கு வண்ணம்

அஜிதா ஒரு ஆளைப் பார்க்கும்போது முகம் கடைசியில்தான் வரும். முதலில் தோள், பிறகு இடுப்பு, பிறகு கை நீளம். உதட்டின் ஓரத்தில் எப்போதும் இரண்டு குண்டூசிகள். மறு ஓரத்தால் பேசுவாள். கரமனை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தையல்கடையில் உட்கார்ந்தபடியே, "நாப்பத்திரண்டு ஓடுது பாரு" என்பாள். நாற்பத்திரண்டு பஸ் நம்பர் அல்ல, பஸ்ஸுக்கு ஓடுகிறவரின் இடுப்பு.

தெருவில் யாருக்காவது சட்டைத் தோள் சரிந்திருந்தால், இழுத்து நேராக்காமல் அவளால் கடந்துபோக முடியாது. ஒருமுறை அது போக்குவரத்துப் போலீஸ்காரரின் தோளாகப் போயிற்று. விசிலை எடுக்காமலே அவர் ஏதோ சொன்னார். குண்டூசியை எடுக்காமலே இவளும் ஏதோ சொன்னாள்.

ரெடிமேட் அவளுக்கு ஆகாது. "கர்த்தர் ரெடிமேட் கடையா வச்சிருக்காரு? ஒவ்வொண்ணும் அளவெடுத்துத் தச்சதாக்கும். ஒருத்திக்கு ஒரு தோளு எறங்கியிருக்கும், ஒருத்தனுக்கு முதுகு வளஞ்சிருக்கும். அவரு அப்படி வெட்டியிருக்காரு. திருத்த நான் ஆரு?"

போன கிறிஸ்மஸுக்கு ஆரியசாலைக் கடையிலிருந்து சபைப் பாடகர் குழுவுக்கு ரெடிமேடாக வந்த நீல அங்கிகளை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. பதினான்கும் ஒரே அளவு. தங்கப்பன் அண்ணனுடைய அங்கிக்குள் இன்னொரு தங்கப்பன் குடியிருக்க இடமிருந்தது. திரவியம் அக்காவுக்கோ தோளோடு நின்றுவிட்டது. சபையிலேயே நல்ல குரல் அவளுக்கு. ஆர்கனுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பாடினாள். குழுவில் நிற்கும் அஜிதா, கோபத்தில் வாயைத் திறந்து பாடாமல் குண்டூசிகளோடு முனகியதோடு சரி. "இனி நான் வரல்ல மோளே" என்றுவிட்டாள் அக்கா.

இந்த வருஷம் வேலை அஜிதாவிடம் வந்தது. கொடுத்தவர் திருநெல்வேலியிலிருந்து மே மாதம் மாற்றலாகி வந்த யோசுவா போதகர். "ஆண்டவர் மனுஷங்கள வண்ண வண்ணமா படைச்சிருக்கார்ம்மா. அதான் என் பிரசங்கம். அங்கியப் பாத்தாலே அது தெரியணும். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வண்ணம்."

அஜிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு போதகரா! துணியின் நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று வெள்ளையாகவே எடுத்துக்கொண்டு, டேப்போடு வீடு வீடாகக் கிளம்பினாள்.

திரவியம் அக்கா கதவைத் திறக்கவில்லை. "எனக்க வண்ணம் அவருக்கு எதுக்கு?" என்றாள் ஜன்னல் வழியாக.

"அது கர்த்தர் தந்ததாக்கும், மறைக்கப்பிடாதுன்னு பிரசங்கமே வைக்காருக்கா."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மாலை, ஒத்திகையில் மூட்டையைப் பிரித்தார்கள். போதகர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் வெள்ளை.

"வண்ணம் எங்கம்மா?"

"கரெக்டா வச்சிருக்கேன் ஐயா. திரவியம் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. தங்கப்பன் அண்ணனுக்கு இருபத்தெட்டு. ஒங்களுக்கும் ஒண்ணு தச்சேன், கண்ணால அளந்ததாக்கும். நாப்பத்தாறு. வந்தப்போ நாப்பத்திரண்டுதான்."

தங்கப்பன்தான் முதலில் சிரித்தார். பிறகு அவரேதான் விளக்கினார்: "ஐயா, இந்த ஊர்ல நிறத்துக்கு நிறம்னுதான் சொல்லுவோம். வண்ணம்னா தடி, ஒடம்புப் பருமன்!"

போதகர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "நான் கேட்டது கலர்ம்மா! விடிஞ்சா ஆராதனை. போன வருஷ நீலத்தையே எடுங்க, கலராவது இருக்கும்."

நீல அங்கிகள் இருந்த அலமாரியின் சாவி குலுங்கியதுமே திரவியம் அக்கா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அஜிதா ஓடிப்போய் மறித்தாள். "ஒரு தடவ போட்டுப் பாத்திட்டுப் போங்கக்கா. நான் ஒறக்கம் களஞ்சதுக்காவது."

அக்கா போட்டாள். கடைசிப் பொத்தான் வரை போயிற்று. சந்தேகத்தோடு ஒரு கையைத் தூக்கினாள், பிறகு மற்றதையும். எங்கும் பிடிக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள். ஆர்கனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகாமல், முன்வரிசையின் நடுவில் வந்து நின்றாள்.

மற்றவர்களும் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். ஒரே வெள்ளை, அதனாலேயே நெட்டை, குட்டை, ஒல்லி, உருண்டை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. போதகர் அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்பத்தாறை எடுத்து மாட்டினார். இழுத்துப் பிடித்திருந்த வயிற்றை விட்டார். அதற்கும் இடமிருந்தது.

"அலமாரியப் பூட்டுங்க."

ஆர்கன் தொடங்கிற்று. உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் திரவியம் அக்கா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அஜிதாவின் கண் அக்காவின் பக்கத் தையலிலேயே இருந்தது. குரல் ஏறி, நின்று, இறங்கியது. தையல் அசையவில்லை. அஜிதா உதட்டிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்திலிருந்த டேப்பில் குத்திவிட்டு, வாயை அகலத் திறந்தாள்.