வானத்து வெளிச்சமும் அடுப்பு நெருப்பும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், எங்கள் ஊர் விருத்தாசலத்தில் நடந்தது இது. அப்போது நான் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தலைப்பைச் சொன்னால் வீட்டிலேயே சிரிப்பார்கள். பறக்கும் தட்டைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், அதை எப்படி நம்பத் தொடங்குகிறார்கள், ஒருவர் சொல்லி இன்னொருவருக்குப் போகும்போது அந்த நம்பிக்கை என்ன ஆகிறது என்பதுதான் ஆய்வு. "வந்தது நிஜமா பொய்யான்னு தீர்ப்பு சொல்றது உன் வேலை இல்லம்மா. எப்படி நம்புனாங்கன்னு மட்டும் பாரு" என்று என் நெறியாளர் அடிக்கடி சொல்வார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஊர் வானத்திலேயே அது வந்தது. ஒரு நாள் இருட்டத் தொடங்கிய நேரத்தில், ஆரஞ்சு நிற வெளிச்சங்கள் வரிசையாக, சத்தமே இல்லாமல் கிழக்கிலிருந்து மேற்கே போயின. நான் பார்க்கவில்லை. ஆனால் விடிவதற்குள் எல்லார் போனிலும் வீடியோ வந்துவிட்டது. உள்ளூர் சேனல் ஒன்று 'வேற்றுக்கிரக வாகனமா?' என்று போட்டது. எனக்குக் கொண்டாட்டம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பார்த்தவர்களைத் தேடிக் கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் அது ஏவுகணை என்றார். ஜங்ஷன் பக்கம் ஒருவர், நிலக்கரிச் சுரங்கத்துக்கு இன்னும் நிலம் எடுக்க அளவு பார்க்கும் ட்ரோன் என்று அடித்துச் சொன்னார். சுரங்கத்துக்குப் பக்கத்தில் கம்மாபுரத்தில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர் பயம் அவருக்கு. அவரவர் மனதில் முன்பே இருந்தது வானத்தில் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆய்வுக்கு நல்ல தீனி.

செராமிக் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஓர் அக்காவைச் சந்தித்தது அப்படித்தான். முற்றத்தில் காய வைத்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை உள்ளே எடுத்து வைக்கும்போது பார்த்தாராம். அவர் சொன்னது மற்றவர்கள் சொன்னதிலிருந்து வேறாக இருந்தது. கடைசியாகப் போன வெளிச்சம் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்வாக, தள்ளாடிக்கொண்டு போனதாம்.

"குடிச்சவன் நடக்கற மாதிரி போச்சு மேடம். சொன்னா எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிறாங்க. நீங்கதான் ஒக்காந்து கேக்கறீங்க."

மறுநாள் காலையில் கம்பெனி வேலியில் ஏதோ சிக்கியிருந்தது என்று ஒரு பையைப் பிரித்துக் காட்டினார். கிழிந்த மெல்லிய காகிதம். அதன் வாயில் ஒரு கம்பி வளையம். வளையத்துக்குக் குறுக்கே கட்டிய கம்பியின் நடுவில் கருகிப்போன மெழுகுத் துணி.

பார்த்ததும் புரிந்துவிட்டது. கல்யாண ரிசப்ஷனில் பற்றவைத்து மேலே விடுவார்களே, அந்தக் காகித விளக்கு. ஊருக்குக் கிழக்கே மண்டபத்தில் அன்று ரிசப்ஷன் நடந்ததா என்று போனில் விசாரித்தேன். நடந்திருந்தது, விளக்கும் விட்டிருந்தார்கள். அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது கல்யாண விளக்கா இருக்கும். மேல போனது வேற" என்றார். நானும் ஆர்வத்தோடு குறித்துக்கொண்டேன். விளக்கம் கிடைத்தாலும் நம்பிக்கை விட்டுப் போவதில்லை என்று ஒரு பத்தி எழுதலாம் என்பதுதான் அப்போதைய நினைப்பு.

தாழப் போன அந்த விளக்கை வேறு யாராவது பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள, அது போன மேற்குப் பக்கம், வேப்பூர் ரோட்டில் இருந்த ஒரு சின்ன ஊருக்குப் போனேன். நிழலில் உட்கார்ந்திருந்தவர்களிடம், அன்றைக்கு வானத்தில் வெளிச்சம் பார்த்தீர்களா என்று கேட்டேன்.  அவர்களில் ஒருவர், "அன்னைக்கு இங்க வூடே எரிஞ்சுதும்மா. வானத்த எவன் பாத்தான்?" என்றார்.

ஒரு கூரை வீடு. படுத்த படுக்கையாக இருந்த வயதான அம்மா உள்ளேயே எரிந்து போய்விட்டார். மருமகள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அடுப்பை அணைக்காமல் போய்விட்டாள் என்பது எல்லார் பேச்சும். வேண்டுமென்றே போனாள் என்றும், மாமியாருக்குச் சோறு போடமாட்டாள் என்றும் சிலர் சொன்னார்கள். காரியம் முடிந்ததும் புருஷன் அவளை ஸ்ரீமுஷ்ணம் பக்கம் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பால்குடி மறந்த பெண் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டான்.

பறக்கும் தட்டு வந்த செய்தி வெளிநாடு வரைக்கும் போயிருந்தது. இந்தச் சாவு அந்தத் தெருவைத் தாண்டவில்லை.

நெருப்பை முதலில் பார்த்தவர் யார் என்று கேட்டேன். கரும்புக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்த ஒரு பெரியவரைக் காட்டினார்கள். அவர் தயங்காமல் சொன்னார். கூரை உச்சியில்தான் முதலில் பிடித்தது. மேலிருந்து நெருப்புத் துண்டு ஒன்று வந்து விழுந்தது. அதைத் தன் கண்ணால் பார்த்தார்.

"இதை அன்னைக்கே சொல்லலீங்களா?"

"சொன்னேனே. எல்லாருகிட்டயும் சொன்னேன். மாமியார பட்டினி போட்டா சாமி சும்மா வுடுமா? அதான் நெருப்பு வானத்துலேந்து எறங்கிச்சுன்னாங்க. நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

 அவர் பார்த்தது உண்மை, சொன்னதும் உண்மை. அந்த உண்மையையே அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாக ஊர் மாற்றிவிட்டிருந்தது.

அந்த வாரமே அவளைப் பார்க்கப் போனேன். அப்பா வீட்டு வாசலில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லி, காகித விளக்கைப் பற்றியும் பெரியவர் பார்த்ததைப் பற்றியும் நிதானமாக விளக்கினேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கை மட்டும் நின்றது.

"அப்ப நான் அடுப்ப அணைச்சேன், இல்லக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"தண்ணி தெளிச்சு அணைச்சுட்டுதான் கொடத்த எடுத்தேன். நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, அணைக்கலையோன்னு எனக்கே வந்துடுச்சு. இப்பல்லாம் கண்ண மூடுனா அடுப்பு எரியற மாதிரிதான் தெரியுது. வேற ஒலகத்துலேந்து ஆளுங்க வந்தாங்கன்னா நம்புறாங்க. அடுப்ப அணைச்சேன்னு நான் சொன்னா ஒருத்தரும் நம்பல. கடைசில நானும் நம்பல."

மற்றவர்கள் சொல்வது நம் ஞாபகத்தையே மாற்றிவிடும் என்று நான் எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து ஒருத்தி அதைச் சொன்னபோது நோட்டை மூடி வைத்துவிட்டேன். போலீசில் மனு எழுதலாமா என்றதற்கு மறுத்துத் தலையாட்டினாள். "கேசெல்லாம் வேணாம். என் புள்ளையோட அப்பாகிட்ட மட்டும் சொல்லுங்க."

தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. செராமிக் அக்காவிடம் வந்து நடந்ததைச் சொன்னேன். இரண்டு வீடும் அவருக்கு முன்பின் தெரியாதவை. "மேல போனது வேற" என்றவர், இப்போது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கம்பி வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு என் வண்டியின் பின்னால் ஏறினார்.

புருஷனும் அவன் அப்பாவும் வீடு இருந்த இடத்தில் தகரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பேசி முடிக்கும் வரை இருவரும் வேலையை நிறுத்தவில்லை. அக்காதான் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, நான் கண்ணால பாத்தேன். தள்ளாடிக்கிட்டு உங்க ஊரு பக்கம்தான் போச்சு. அது எறங்குனதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

அவன் வளையத்தை வாங்கிப் பார்த்தான். நேராக, எரிந்த சாமான்களைக் கொட்டியிருந்த பள்ளத்தில் இறங்கினான். சாம்பலையும் கருகிய மூங்கிலையும் வெகுநேரம் கிளறினான். மேலே வந்தபோது அவன் கையில் நெருப்பில் வெந்து கறுத்த ஒரு வளையம் இருந்தது. அதே அளவு. அதே குறுக்குக் கம்பி.

"கூரை கட்டுன கம்பியா இருக்கும்" என்றார் அவன் அப்பா.

"நம்ம கூரைக்குக் கம்பி எங்கப்பா போட்டோம்? கயிறுதானே கட்டுனோம்" என்றான் அவன்.  அவன் அப்பா திரும்பிக்கொண்டு ஆணி அடிக்கத் தொடங்கினார். எங்களை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. அவன் குழந்தையைக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான். வாசலிலேயே நின்றானாம். தப்பு என்மேல்தான் என்றோ, வீட்டுக்கு வா என்றோ சொல்லவில்லை. குழந்தையின் துணிமணிகளை ஒரு பையில் மடித்துக் கொடுத்தானாம், அவ்வளவுதான். அவர்கள் திரும்பச் சேரவில்லை. அந்த ஊரில் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், அடுப்பை அணைக்காமல் போன மருமகள் என்றுதான் சொல்வார்கள். மண்டபத்தில் விளக்கு விட்ட மாப்பிள்ளையின் நண்பர்களிடம் நான் பேசியபோது, "எல்லாரும்தானே விடுறாங்க மேடம்" என்றார்கள். கெட்டவர்கள் இல்லை, அவர்களால் அதை நம்ப முடியவில்லை.

நான் பட்டம் வாங்கிவிட்டேன். ஆய்வேட்டில் இந்தச் சம்பவம் இல்லை. எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். யாராவது தான் கண்டதையோ செய்ததையோ என்னிடம் சொல்ல வரும்போது, இதை நம்பலாமா என்று யோசிப்பதற்கு முன்னால், நாம் நம்பாமல் போனால் அந்தப் பாரத்தை யார் சுமக்கப் போகிறார்கள் என்று ஒரு தரம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.