ஆறிவிடும் என்று சொல்லப் பயந்த வருடம்

இங்கிலீஷில் எதிர்காலத்தைப் பற்றிப் பேச நான் கற்றுக்கொண்டது முப்பத்திரண்டாவது வயதில், வலது காலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு. சொல்லிக்கொடுத்தது என் மனைவி. அவள் ப்ளஸ் டூ பாஸ். நான் ஒன்பதாவதோடு நின்றவன். கல்யாணமாகி ஏழு வருடமாக அதை அவள் சொல்லிக் காட்டியதில்லை. அந்த இரண்டு மாதத்தில் வட்டியும் முதலுமாகச் சொல்லிக் காட்டினாள்.

கால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் ஊருக்குள் வந்த அன்று காலை நான் எக்கியார்குப்பத்தில் மீன் வாங்க நின்றிருந்தேன். தண்ணீரைப் பார்த்ததும் எல்லோரையும் போல ஓடினேன். வழியில் ஏதோ ஒரு தகரம் குதிகாலைக் கிழித்தது. அப்போது வலிக்கவே இல்லை. கூடையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரித்துவிடலாம்தான். பயம்.

காயம் ஆறவில்லை. தை மாதம் எங்கள் மரக்காணம் உப்பளத்தில் பாத்தியைச் சரிசெய்யும் வேலை தொடங்கியதும் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன். உப்புத் தண்ணீர் புண்ணுக்கு நல்லது என்று நாங்களே ஒருவருக்கொருவர் வைத்தியம் சொல்லிக்கொள்வோம். பங்குனிக்குள் குதிகால் வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்.

“உனக்கு சர்க்கரை இருக்குதுப்பா. இனிமே உப்புத் தண்ணில கால் வெச்சீன்னா, காலை எடுக்கறாப்பல ஆயிடும்.”

“எப்ப சார் ஆறும்?”

“சுத்தமா வெச்சிக்க. பாக்கலாம்.”

அந்தப் ‘பாக்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அது எங்கள் வார்த்தை. எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்தியில் உப்பு விளைந்து, மறுநாள் வாரிவிடலாம் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு மழை போதும், பதினைந்து நாள் வெயில் வீண். “நாளைக்கு வாருவோம்” என்று யாராவது உளறிவிட்டால் மேஸ்திரி அடிக்காத குறையாகத் திட்டுவார். “வாய மூடிக்கினு இருடா டேய். கேட்டுக்கினு இருக்குது.” எது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை, எல்லோரும் ஒரு தடவை வானத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வோம். நாளைக்கு வேலை உண்டா என்று கேட்டால் ‘பார்க்கலாம்.’ பன்னிரண்டு வருடம் அங்கே நின்றவன் வாயில் வேறு என்ன வரும்? பொங்கலுக்குப் பாவாடை உண்டா என்று என் மகள் கேட்டாலும் பார்க்கலாம்தான்.

அந்த வழக்கத்தை நான் ஒரே ஒரு தடவைதான் மீறினேன். கடல் வருவதற்கு முந்தின நாள், சாப்பிட அடம்பிடித்த மகளிடம், “நாளைக்குக் காலையில கண்டிப்பா குப்பத்துக்குப் போய் வஞ்சிரம் வாங்கியாருவேன்” என்று சொன்னேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஆரோவில்லில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பேக்கரிக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்து சொன்னார். தண்ணீரில் நிற்க வேண்டியதில்லை. பாதி நேரம் உட்கார்ந்துகூடச் செய்யலாம். ஆனால் மூட்டைமேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும், அந்த அம்மாவோடு இங்கிலீஷில் நாலு வார்த்தை பேச வேண்டும்.

“ரெண்டே கேள்விதான் மாப்ள. இதுக்கு முன்னாடி இன்னா பண்ண, இனிமே இன்னா பண்ணுவ. அவ்ளோதான்” என்றார் மச்சான். இரண்டாவது கேள்வியில் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

பஸ்ஸில் விற்கிற ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி வந்து மனைவி பாடத்தைத் தொடங்கினாள். முதலில் எ, ஆன், தி. புதுசாகச் சொல்லும்போது எ, தெரிந்ததாகிவிட்டால் தி. உலகத்தில் ஒன்றே ஒன்று இருப்பதற்கும் தி: சூரியன், வானம். கடலுக்கும் தி. கொடுக்கட்டும், அதற்கில்லாத மரியாதையா. “உப்புக்கு?” என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உப்புக்கு ஒண்ணும் கிடையாதுங்க. எண்ண முடியாதுல்ல” என்றாள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் வாரிக் கொட்டியிருக்கிறேன், அதற்கு ஓர் ‘எ’ கொடுக்கக்கூட இங்கிலீஷ்காரனுக்கு மனசில்லை. அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் எதிர்காலம். அதில் ‘கோயிங் டு’ எனக்கு உடனே பிடித்துவிட்டது. அறிகுறி கண்ணெதிரே இருந்தால் அதைச் சொல்லலாமாம். மேகம் கறுத்திருக்கிறது, மழை பெய்யப் போகிறது. இதில் பயமில்லை, மேஸ்திரியே மேகத்தைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்வார். ஆனால் ‘வில்’ அப்படியில்லை. அதற்கு அறிகுறி எதுவும் வேண்டாம். மனுஷன் வாயைத் திறந்து ஆகும் என்று சொன்னால் போதும். ‘வில்’ வைத்துப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னாள். நாய் குரைக்கும், பஸ் வரும், வாத்தியார் வருவார் என்று ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் வைத்து ஒன்பது எழுதினேன்.

“பத்தாவது உங்களப் பத்தி எழுதுங்க. ஐ வில் வாக். நான் நடப்பேன்.”

“அத விடு.”

“ஏங்க?”

“விடுன்னா விடு.”

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள், எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கட்டு மாற்றும்போது சதை கறுத்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் பார்ப்பேன். கறுத்த மாதிரியே இருக்கும்.

வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்கள். காலில் மண் படாமல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினோம். கூனிமேடு தாண்டும்வரை நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கள் உப்பளக் கூட்டத்துக்கு அன்றைக்குப் பாத்தி முழுக்க உப்பு விளைந்து கிடந்தது. திங்கட்கிழமை வாரும் வேலை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. உப்பு வாரும் பலகையை எல்லாம் கழுவி வைத்திருந்தார்கள், அதிலிருந்து தெரியும்.

அந்த அம்மா நல்ல மாதிரிதான். நரைத்த தலை, காலில் செருப்பில்லை. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். முன்னால் என்ன வேலை என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். மாவு மூட்டை ஒன்றைக் காட்டிப் படிக்கச் சொன்னார், படித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு என் காலைப் பார்த்தார். இது ஆறிவிடுமா, தினமும் வருவாயா என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. பதிலும் தெரியும், இரண்டு மாதமாகப் படித்த பதில். ஆனால் வாயைத் திறந்தால் மீன் கூடையும் அந்தத் தண்ணீரும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஆறும் என்று நான் சொன்ன அந்த நிமிஷத்திலேயே கால் போய்விடும் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

“லெட் அஸ் சீ மேடம்” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கோபமில்லை, அந்த வேலையில் எனக்கு அக்கறையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். நோட்டை மூடினார். தேங்க் யூ என்றார்.

வெளியே மனைவி முந்திரி மரத்தடியில் நின்றிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். “அவ்ளோ படிச்சும் பாக்கலாம்னா சொன்னீங்க?” அப்போதுதான் உடைந்துபோய் வஞ்சிர மீன் கதையை அவளிடம் சொன்னேன். வேலையைத் தொலைத்துவிட்டேன், இனி உப்பளத்துக்குத்தான் போக வேண்டும், கால் போகத்தான் போகிறது என்று அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். “உங்க வாய்க்கு அவ்ளோ சக்தி இருந்தா நாம ஏங்க இப்படி இருக்கறோம்?” என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், மீதி கையாலேயே அவள் அந்த அம்மாவிடம் பேசினாள். உப்பு வேலை செய்கிறவர்கள் ஆகும் என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் மழை வந்துவிடும் என்று பயம், வேலையில் இஷ்டமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை என்றாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

மனைவி என் முழங்கையை அழுத்திக்கொண்டிருந்தாள். “இட் வில் ஹீல். ஐ வில் கம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது கூனிமேட்டில் பஸ் நின்றது. முதல் தூறல் ஜன்னலில் விழுந்தது. மரக்காணம் வருவதற்குள் ரோடே தெரியாத மழை. வைகாசி மழை, யாரும் கேட்காத மழை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கூட்டத்தின் பதினைந்து நாள் உழைப்பு என் ஒரு வாக்கியத்தில் கரைந்துகொண்டிருந்தது.

“காலையிலயே மேகம் கறுத்துதான் இருந்துதுங்க. நீங்க புத்தகத்துல இருந்தீங்க, பாக்கல” என்றாள் அவள். அது உண்மையாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வாசல் பக்கம் போகவில்லை. கட்டைப் பிரித்துக் காலையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தின் டீக்கடையில் கூட்டம் மொத்தமும் நின்றிருந்தது. வாருவதற்கு ஒன்றுமில்லை, பாத்தியில் வெறும் மழைத் தண்ணீர். கழுவி வைத்த பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்துகொண்டே போய் நின்றேன். நான் சொன்ன வாக்கியம் அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் தெரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. மேஸ்திரி டீ கிளாஸை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

“வேலை கெடச்சிட்டுதாமே. கால் எப்பிடிக்கீது?”

பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. “பயமா இருக்குதுண்ணே” என்றேன்.

அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் நாளைக்கு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. உப்பு போன வயிற்றெரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது. கிட்டே வந்து என் தோளில் கை வைத்தார்.

“ஆறிடும்டா” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். “ஆறிடும், போ.”

எல்லோரும் ஒரு தடவை வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பஸ் வந்தது. வலது காலைத்தான் முதலில் எடுத்து வைத்து ஏறினேன். நன்றாகவே வலித்தது.