பஞ்சுக்கையின் வெறும் வயிற்று விதி

எங்கள் குடியிருப்பின் தரைத்தளக் கூடத்தில், உடலைத் தளர்த்தும் மெல்லிய யோகாவும் தொடாமலே செய்யும் ஆற்றல் சிகிச்சையும் நடத்தும் அம்மையாரைப் 'பஞ்சுக்கை' என்றே எல்லோரும் குறிப்பிடுகிறோம். முன்பு அவர் ஓர் அழகு நிலையத்தில் தோளும் பாதமும் பிடித்துவிடும் வேலையில் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கூடியபோது கோணலாகக் கூடியது. அழுத்திப் பிடிக்கும் வலு போயிற்று. அதன் பிறகே, உள்ளங்கையை உடலுக்கு மேலே அந்தரத்தில் நிறுத்தினால் போதும் என்னும் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அவர் பித்தலாட்டக்காரர் அல்லர். சொல்வதை முழுமையாக நம்புகிறார், அதுதான் தொல்லை.

வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பது அவருடைய தலையாய விதி. என் தங்கையின் கணவரோ சர்க்கரை நோய்க்குக் காலையில் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஊசிக்குப் பின் சாப்பிடாவிட்டால் ஆள் சாய்ந்துவிடுவார். ஆகவே தங்கை ஒரு நாள் கூடத்து வாசலிலேயே பஞ்சுக்கையை வழிமறித்தாள்.

"ஏங்க, நான் கத்துறது காதுல விழுதா இல்லையா? அவரு ஊசி போட்டிருக்காரு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வரட்டும்."

"நிறைஞ்ச வயித்துல ஆற்றல் இறங்காதும்மா. உன் பயம்தான் அவரோட நோய்."

"என் பயத்துக்கா டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தாரு?"

அவள் கணவர் இருவரையும் பாராமல் பாயை விரித்தார். "வீட்லதான் நிம்மதி இல்ல. இங்கயாவது விடு."

வகுப்பின் இறுதியில் அனைவரும் மல்லாந்து கிடப்போம். என் பாய் தங்கை கணவருடையதற்கு அடுத்தது. ஒவ்வொருவர் மேலும் கையை நிறுத்தியபடி வந்த பஞ்சுக்கை, தங்கை கணவரிடம் வந்ததும் பரவசமாக நின்றுவிட்டார். படுத்திருந்தவர் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை கொட்டியது. உதடுகள் எதையோ முணுமுணுத்தன. நான் பதறி எழுந்தேன்.

"தொடாதீங்க! பல வருஷத்து அழுக்கு வெளியேறுது. இவ்வளவு ஆழமா இங்க யாருமே போனதில்ல" என்று அடிக்குரலில் அதட்டியவர், ஒரு போர்வையை வேறு எடுத்துப் போர்த்தினார்.

வாசலில் காத்திருந்த தங்கையைக் கூவி அழைத்தேன். செருப்போடு ஓடிவந்தவள் போர்வையை உதறி எறிந்தாள்; கணவரை என்மேல் சாய்த்து உட்காரவைத்தாள். பெயரைக் கேட்டாள். குழறினாலும் சொன்னார், விழுங்கவும் முடிந்தது. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சர்க்கரைத் தண்ணீரைச் சிறுகச் சிறுகப் புகட்டினாள்.

"ஓட்டத்தைப் பாதியில அறுத்துட்டியே, பாவி!"

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீங்க ஆளையே முடிச்சிருப்பீங்க. முதல்ல கையை இறக்குங்க!"

உண்மையில் அந்தக் கை அப்போதும் அவர் தலைக்கு மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

கண் தெளிந்ததும் அவர் மனைவியைத்தான் முறைத்தார். "நல்லாத் தூங்கிட்டிருந்தேன். ஏன்டி எழுப்பின?" பிறகு பஞ்சுக்கையிடம் பணிவாக, "அடுத்த தடவை சாப்பிட்டுட்டு வரேங்க" என்றார்.

"சாப்பிட்டு வர்றவங்களுக்கு இங்க இடமில்ல. பாயைச் சுருட்டுங்க."

விதியைத் தளர்த்துவதைவிட ஓர் ஆளை இழப்பது அந்த அம்மையாருக்கு எளிதாக இருந்தது. எழுந்து உட்கார்ந்திருந்த மற்றவர்கள், ஓய்வைக் கலைத்த குற்றத்துக்காக என் தங்கையையே வெறித்தனர்.

அன்றுமுதல் தங்கையின் கணவர் அவளோடு பேசுவதில்லை. காலையில் ஊசி போட்டுக்கொண்டதும், காலித் தட்டை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.