அறுக்காத பேல்

தாணுவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. பாலராமபுரம் போகிற வழியில் இருக்கிற நூல் மில்லில் முப்பத்தொரு வருஷமாகப் பஞ்சு தேர்ந்தெடுக்கிற வேலை. நெசவுக்காரர்கள் முண்டுக்குக் கேட்கிற நைசான நூலுக்கு நீள இழைப் பஞ்சுதான் வேண்டும். லாரி வந்து நின்றால், பேல் என்கிற அமுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியின் ஓரத்தில் ஒரு பிடி பிய்ப்பார். ரெண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து இழுத்துச் சீராக்கி, கறுப்புத் துணியில் வைத்து இழை நீளம் பார்த்து, "முப்பத்தாறு மில்லி" என்பார். மெஷினில் வைத்தாலும் அதுதான் வரும். மிஞ்சிப்போனால் அரை மில்லி முன்னே பின்னே.

லாரிக்கு ரெண்டு பேலையாவது நடுவயிற்றில் அறுத்துப் பார்க்கவேண்டும் என்பது மில்லின் சட்டம். புது வியாபாரிகளிடம் தாணு அதைச் செய்வார். பழகிய ஆட்களிடம் செய்வதில்லை. அறுத்தால் 'உன்னை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ராஜபாளையத்துப் பகவதிப்பெருமாளின் பேலில் இருபத்திரண்டு வருஷமாகக் கத்தி பட்டதில்லை. அவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் முதல் இலை தாணுவுக்குத்தான் போட்டார்கள்.

போன மாசம் பகவதிப்பெருமாள் அனுப்பிய அறுபது பேலில் நூல் ஓடவில்லை. அறுந்துகொண்டே இருந்தது. ரெண்டு நாள் மெஷினைத் திட்டினார்கள். மூன்றாம் நாள் பஞ்சைச் சோதிக்கிற லேபில் இருக்கிற நீது நாலு பேலை அறுத்துவிட்டுத் தாணுவைக் கூப்பிட்டாள்.

"சாரே, இது கண்டோ? புறத்தே முப்பத்தாறு. உள்ளே இருபத்தொன்பது."

தாணு தானும் ஒரு பிடி எடுத்து இழுத்தார். குட்டை இழை. பாதியிலேயே விரலை விட்டுப் போயிற்று. ஒரு சாண் ஆழத்துக்கு நல்ல பஞ்சு, அதற்குள்ளே மட்டம். பேல் கட்டும்போதே வைத்து அமுக்கினால்தான் இப்படி வரும். கோபம் வருமென்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. கையைத் தட்டிவிட்டு கேண்டீனுக்குப் போனார். டீ ஆறியிருந்தது. அதையும் குடித்தார்.

மத்தியானம் மேனேஜர் வினீத் அவர் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தான். "அண்ணாச்சி, ரெண்டு பேலை அறுத்தேன், ரெண்டும் நல்லா இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. குத்தம் முழுசும் வியாபாரி தலையில போயிரும். அறுக்கலைன்னு எழுதினா உங்களைப் பஞ்சுப் பக்கம் வைக்க முடியாது."

"எந்த ரெண்டு?"

"ஏதோ ரெண்டு. நம்பர் நான் போட்டுக்கிடுதேன்."

தாணு யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லை. 'ஒன்றையும் அறுக்கவில்லை. பழகிய ஆள் என்று ஓரத்தில் மட்டும் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு வரிதானே கேட்டேன்?"

"அறுக்கலையே" என்றார் தாணு.

மறுநாளிலிருந்து கேட்டில் லாரி எடை போடுகிற வேலை என்று சொன்னார்கள். சரி என்றார்.

பஸ்ஸில் வந்து பழவங்காடியில் இறங்கினார். பிள்ளையாருக்கு யாரோ வரிசையாகத் தேங்காய் எறிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். சில்லு ஒன்று செருப்பருகே வந்து விழுந்தது. தாண்டி நடந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. பகவதிப்பெருமாள். தாணுவின் மனைவி முத்தாரம்மாள் ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணாச்சி, மழையில கடைசிப் பறிப்பு கெட்டுப்போச்சு. வேற மில்லுக்கு அனுப்பப் பயமா இருந்துச்சு, அவன் அறுப்பான். நீங்கன்னா அறுக்க மாட்டீங்கன்னுதான்..."

"எவ்வளவு தைரியமாச் சொல்லுதான் பாருங்க" என்றாள் முத்தாரம்மாள், போனுக்குக் கேட்கும்படியே.

"நமக்குள்ள ஒண்ணும் வரப்பிடாது அண்ணாச்சி. அடுத்த லோடு முத்து மாதிரி அனுப்புதேன்."

"அனுப்பு. நான் கேட்டுலதான் இருப்பேன், எடை போட்டு விடுவேன். உள்ளே அறுப்பாங்க."

உடனே போன் கட்டாயிற்று. தாணு மறுபடி சோற்றைப் பிசைந்தார்.

"குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள் முத்தாரம்மாள்.

"இருக்கும்."

அவள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு ஜாடியை எடுத்துவரப் போனாள்.