ஒரே பெட்டியில் இரண்டு ஓணான்கள்

ஏவன்டேல் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் என் மூத்த மகள் வளர்ப்பதற்குப் பாம்பு கேட்டாள். நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் பாம்பு வளர்க்கச் சட்டம் விடாது என்று தெரிந்த அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அவளா விடுவாள்? தாடி ஓணான் வளர்க்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கொன்று, தங்கைக்கொன்று என்று இரண்டு குஞ்சுகள் வீட்டுக்கு வந்தன.

தனித்தனிப் பெட்டியில் வைத்து, தனித்தனியாகத் தீனி போடும்படி விற்றவர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே தாயின்ர குஞ்சுகள். அதுகளுக்கு என்னத்துக்கு ரெண்டு வீடு?" என்றேன்.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் குழையல்தான். சோற்றையும் கறிகளையும் ஒரே சட்டியில் பிசைந்து, நீட்டிய கைகளில் உருண்டையாக வைப்பேன். அப்படிச் சாப்பிட்டால் சகோதரம் பிரியாது என்பது என் கட்சி. ஓணான்களுக்கும் அதே சட்டம். ஒரு பெட்டி, ஒரு விளக்கு, ஒரு பிடி வெட்டுக்கிளி.

வெட்டுக்கிளி தப்பி ஓடும். பிள்ளைகள் இருவரும் கத்திக்கொண்டு கதிரையில் ஏறுவார்கள். நான் வீடு கூட்டும் தும்புத்தடியோடு துரத்துவேன். இப்போது இருவரும் வேலையென்று வேறு ஊர்களில். அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறேன்.

சின்னவளுடைய ஓணான் மட்டும் வளரவில்லை. மற்றது எப்போதும் அதன் முதுகில் ஏறிக் கிடக்கும். கொஞ்சுகின்றன என்று நான் படமெடுத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பினேன். ஒருநாள் தீனிக்குப் பாய்ந்த பெரியது, சின்னதின் காலைக் கவ்வி ஒரு விரலைக் கடித்துவிட்டது.

பெரியதுக்குப் பயந்து சின்னது பல நாளாகச் சாப்பிடவேயில்லை, இப்படியே விட்டால் பிழைக்காது என்றார் மிருக வைத்தியர்.

திரும்பும்போது காரில் சின்னவள் அழுதாள். "பாவம் அம்மா அது. எனக்கும் அப்பிடித்தான். அக்கா கெதியா முடிச்சிட்டுக் கையை நீட்டுவா. நீங்க அவவுக்கே வைப்பீங்க."

அவளுக்கு வயிறு சின்னது என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் சொல்லித் திரிந்தவள் நான்.

புதுப் பெட்டிக்குப் போன ஓணான் இரண்டாம் நாளே தின்னத் தொடங்கியது. அடுத்த ஞாயிறு சின்னவளுக்குத் தனித் தட்டில் சோறு போட்டேன். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.