கூழைக்கடா வீடியோ

கும்மிடிப்பூண்டியில் அடிபட்ட விலங்குகளையும் பறவைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்ள நாங்கள் சிலர் ஒரு கொட்டகை நடத்துகிறோம். அதற்கு நிதி திரட்டும் வேலை என்னுடையது. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவேன். பாதி இடங்களில் செக்யூரிட்டியைத் தாண்டியதே இல்லை.

திருநின்றவூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, இறக்கை ஒடிந்த கூழைக்கடாவுக்குத் தான் மீன் ஊட்டுவதை வீடியோ எடுத்துப் போட்டாள். அந்த வாரமே பெரிய கூண்டு கட்டப் பணம் வந்துவிட்டது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். நானும் சிரித்தேன், ஆனால் வயிறு எரிந்தது. வள்ளூர்ப் பக்கம் சேற்றில் இறங்கி அந்தப் பறவையைத் தூக்கி வந்தவள் நான்.

பிறகு ஒரு கம்பெனி மேனேஜர் முதல்முறையாக என்னை உள்ளே கூப்பிட்டார்.

"வீடியோல வருதே ஒரு பொண்ணு, அத்த இட்டுக்கினு வாங்கம்மா. பேசலாம்" என்றார்.

அவளிடம் சொன்னேன். "உன்னத்தான் கேக்குறாரு. நீயே போயிட்டு வா."

"நான் போயி இன்னாக்கா பேசறது? நீங்க வந்தாதான் போவேன்."

இருவரும் போனோம். மருந்துச் செலவு, மீன் செலவு எல்லாவற்றையும் நான்தான் விளக்கினேன். அவர் அவளைப் பார்த்தே தலையாட்டினார். மாதாமாதம் மருந்து வாங்கித் தருவதாக அவளிடமே ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது அவளோடு நின்றுகொண்டு தன் போனை என்னிடம் நீட்டினார்.

போட்டோ எடுத்துக் கொடுத்தேன். அவள் அதில் அழகாகவே இருந்தாள்.