வீட்டில் தூங்கினால் பேட்டா இல்லை

எங்கள் லாரி கம்பெனியில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். ஹாரனே அடிக்காமல் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் மற்ற டிரைவர்கள் கிண்டலாக வைத்தது. குறுக்கே யார் வந்து விழுந்தாலும் பிரேக்கை அழுத்திவிட்டு, “போப்பா, உனக்கு என்ன அவசரமோ” என்பாராம். சம்பளக் கணக்குப் பார்க்கும் என்னை முதல் நாளே ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டார். அதனால் அவர் மனைவி எனக்கு அண்ணி ஆகிவிட்டார்.

ஒரு வருஷம் எங்கள் ஓனர் டிரைவர்களின் சம்பளத்தை இரண்டாகப் பிரித்தார். மொத்தத் தொகையில் கைவைக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பங்குக்கு இனிமேல் பேர் சம்பளம் இல்லை, பேட்டா. வெளியூரில் தங்கும் ராத்திரிகளுக்குச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்குமாகக் கொடுக்கிற படிக்காசு. சம்பளத்துக்கு வரி உண்டு, பேட்டாவுக்கு இல்லை. அதனால் மாசக் கடைசியில் கைக்கு வருவது கூடும். டிரைவர்கள் பேரில் பென்ஷனுக்கும் இன்சூரன்ஸுக்கும் கம்பெனி கட்ட வேண்டிய பங்கும் குறையும். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

கையெழுத்துப் போட வந்த ஒவ்வொருவரிடமும் நான் ஒரே பாட்டைப் பாடினேன்.

“அண்ணே, கைக்கு நிறைய வரும், அது நிஜம்தான். ஆனா லீவு சம்பளம், அடிபட்டா வர்ற பணம், வயசான பிறகு வர்ற பென்ஷன் எதுக்குமே பேட்டாவைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. சம்பளப் பங்கை மட்டும்தான் பார்ப்பாங்க.”

“நான் என்னைக்கு தங்கச்சி லீவு போட்டிருக்கேன்?” என்று ஹாரன் அண்ணன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவர் சொன்னது உண்மை. வீட்டில் அவரும் அண்ணியும் மட்டும்தான். அண்ணி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுப்பார். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதையும் இருவரும் எப்போதோ விட்டிருந்தார்கள். ஒரு டிரிப் முடிந்ததும் அடுத்த லோடு எங்கே என்று கேட்டு நிற்பவர் அவர். கூடுதலாக வந்த காசில் அண்ணிக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார். கால் வலி விட்டது என்று அண்ணி எனக்குப் போன் செய்து சொன்னார்.

அப்புறம் ஒரு நாள் காலையில் ஆபீசுக்கு வந்து என் மேஜைப் பக்கத்தில் நின்றார். ஸ்டேப்ளரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“என்ன அண்ணே?”

“உன் அண்ணிக்கு வாந்தியா இருக்கு தங்கச்சி.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“காட்டினோம். டாக்டரே சிரிக்கிறாங்க.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஆனால் சிரித்த டாக்டரே அடுத்த முறை சிரிக்கவில்லை. கரு பலவீனமாக இருக்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் முதல் முறையாக லீவு போட்டார்.

அந்த மாசச் சம்பளச் சீட்டை நானே அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மாடியில் இரண்டு அறை. கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டு அண்ணி படுத்திருந்தார். கீழே ஒரு வாளி. அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவருக்குத் தலை அலசிக்கொண்டிருந்தார். நுரை கண்ணில் இறங்காமல் ஒரு கையை நெற்றியில் அணையாக வைத்து, இன்னொரு கையால் சொம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

“வாம்மா, உங்க அண்ணன் கூத்தைப் பாரு,” என்றார் அண்ணி தலைகீழாக. “சமையலறையிலயும் லாரிதான் ஓட்டுறார். ஒரு கரண்டி எடுக்க வீட்டையே ரிவர்ஸ் எடுக்கிறார்.”

“இன்னைக்கு ரசம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே?”

“அது ரசமா? நான் குழம்புன்னு நினைச்சு சொன்னேன்.”

துண்டால் அண்ணியின் தலையைத் துவட்டிவிட்ட பிறகுதான் அண்ணன் சீட்டைப் பிரித்தார். வழக்கமாக வருவதில் பாதிதான் இருந்தது. பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “நீ அப்பவே சொன்னே தங்கச்சி,” என்றார். அவ்வளவுதான்.

வாடகை கொடுக்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும். அண்ணிதான் பிடிவாதமாக அவரைக் கிளப்பினார். “ஒரே ஒரு டிரிப் போயிட்டு வாங்க. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்குவாங்க.” அவரும் அரைமனதாகப் போனார்.

மத்தியானம் ஒரு ஓட்டலில் வண்டியை நிறுத்தி வீட்டுக்குப் போன் செய்தார். “நான் ஜம்முனு படுத்திருக்கேன், நீங்க வயிறாரச் சாப்பிடுங்க,” என்றார் அண்ணி. பின்னாலேயே பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது: “மறுபடியும் மெஷின்ல உட்கார்ந்துட்டியா? எழுந்திரு முதல்ல!”

அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். லோடை இறக்கிவிட்டுத் திரும்பியவர், வீட்டுக்குப் போய் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நேராக ஓனரின் அறைக்கு வந்தார். நான் ஏதோ பில்லுக்குக் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தேன்.

“சார், எனக்கு வெளியூர் வேண்டாம். யார்டுக்குள்ள வண்டியை எடுத்து விடுற வேலை குடுங்க. பேட்டாவும் வேண்டாம், முழுசும் சம்பளமாவே போடுங்க. வரியைப் பிடிச்சுக்குங்க.”

ஓனர் சிரித்துவிட்டார். “வரி கட்டணும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீதான்யா. எல்லாருக்கும் ஒரு கணக்கு, உனக்கு மட்டும் ஒரு கணக்கு வைக்க முடியுமா?”

“வெளியில தூங்கினாத்தானே சார் பேட்டா? பொண்டாட்டி பக்கத்துல இருக்கிறதுக்கு யாரும் பேட்டா தர மாட்டாங்க. அதுக்கு எனக்கு சம்பளம்தான் வேணும்.”

ஓனர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “முடியுமாம்மா?”

“முடியும் சார். நாம கட்டுற பங்கு கொஞ்சம் கூடும்.”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றார். யோசிக்க அந்த வாரம் முழுவதும் ஆனது. பிறகு சரி என்றார். அண்ணனுக்கு மட்டுமில்லாமல், வேண்டும் என்கிற யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். முதுகுவலிக்காரர் ஒருவர் மாறினார். கல்யாணம் ஆகாத டிரைவர் ஒருவர் வந்து, “நானும் மாறணுமா அக்கா?” என்று கேட்டார். தங்கை கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர். “இப்போதைக்கு உனக்கு பேட்டாதான் சரி,” என்றேன். மற்றவர்கள், கைக்கு வருகிற காசை உதறுகிறான் பைத்தியக்காரன் என்று அண்ணனைப் பேசினார்கள். கையில் வந்த தொகை முன்னைவிடக் குறைவுதான், மறைப்பானேன். அண்ணி மாசாமாசம் கட்டிவந்த ஏலச்சீட்டை நிறுத்தினார், அண்ணன் சிகரெட்டை நிறுத்தினார்.

பத்து மாசம் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அந்த நாட்களெல்லாம் அண்ணன் லீவு போட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். இந்த முறை லீவுக்கும் சம்பளம் முழுசாக வந்தது. யாரிடமும் கைநீட்டாமல் மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் மார்பின் மேல் குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கியது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

“இந்த மாசம் வரி எவ்வளவு தங்கச்சி பிடிச்சே?” என்று கிசுகிசுத்தார்.

சொன்னேன்.

“அடேயப்பா,” என்றார். கை மட்டும் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

“காப்பி போட்டுக் குடுங்க, பாவம், நடந்து வந்திருக்கா,” என்றார் அண்ணி.

அவர் அசையாமல் குழந்தையைக் கண்ணால் காட்டினார். எழுந்தால் அது விழித்துக்கொள்ளும். நானே உள்ளே போய் மூன்று டம்ளர் காப்பி போட்டு எடுத்து வந்தேன்.